பழைய புல்லட் சேசிஸில் மரை போய்விட்டது. ஓட்டையைப் பெரிதாக்கி அடுத்த சைஸ் போல்ட் மாட்டலாமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பா ஓட்டிய 1980களின் புல்லட் 350. சேசிஸில் சைலன்சர் பிராக்கெட்டைப் பிடிக்கும் போல்ட் இறுகாமல் சும்மா சுற்றுகிறது. 10 மி.மீ. ஓட்டை போட்டுப் பெரிய போல்ட் மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

வேண்டாங்க. டிரில்லைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போல்ட் நிற்கிற அந்தச் சின்ன இரும்புக் காது 16 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். 8 மி.மீ. ஓட்டைக்கு இரண்டு பக்கமும் 4 மி.மீ. இரும்பு இருக்கும். 10 ஆக்கினால் பக்கத்துக்கு 3 தான், கால்வாசி போய்விடும். புல்லட் அதிர்வுக்கு விரிசல் ஆரம்பிப்பது அந்த மெல்லிய இடத்தில்தான். அடுத்த முறை மரை போனால் 12 ஆக்க முடியாது, காதே இருக்காது. எடுத்த இரும்பைத் திரும்ப வைக்கிற வேலைதான் சேசிஸுக்குச் சரி.

முதலில், நிஜமாகவே மரை போயிருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் பற்றவைத்த நட்டு விட்டுப்போய் போல்ட்டோடு சேர்ந்து சுற்றினாலும் கைக்கு இதே மாதிரிதான் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். நட்டு சுற்றுகிறது என்றால் அதை ஸ்பேனரில் பிடித்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றி, புது நட்டைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. நட்டு அசையவில்லை என்றால் மரைதான் போயிருக்கிறது. அப்போது போல்ட் தலைக்கு அடியில் தட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டு வெளியே நெம்பியபடியே இடப்பக்கமாகத் திருப்புங்கள். மிச்சமிருக்கும் மரையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

வந்த போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய புல்லட்டில் பாதிப் பிரச்சினைக்குக் காரணம் அதில்தான் எழுதியிருக்கும். 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து சென்னையில் புல்லட் செய்யத் தொடங்கியபோது அவர்களுடைய மரைகளும் கூடவே வந்தன. மெட்ரிக் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நுழைந்தது. அதனால் அந்தக் கால வண்டியில் அங்குல மரையும் மெட்ரிக்கும் கலந்தே கிடக்கும். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. கடையில் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டை அதில் வைத்தால் முதல் ஒரு சுற்று ஏறிவிடும், கைக்குச் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் மரை இடைவெளி வேறு. 8 மி.மீ. போல்ட்டில் 1.25 மி.மீ. அங்குலத்துக்கு 26 மரை உள்ள பழைய சைக்கிள் மரையில் 0.98, அங்குலத்துக்கு 22 உள்ள நுண்மரையில் 1.15. நீள ஸ்பேனர் போட்டு இறுக்கினால் போல்ட் உள்ளே போகும், இருந்த மரையைச் சீவிக்கொண்டே போகும்.

காங்கேயம் பக்கம் என் மாமா வண்டியில் இதேதான் நடந்திருந்தது. பின்னாடி பால் கேன் தொங்கவிட ஒரு கொக்கியையும் அதே போல்ட்டில் சேர்த்து மாட்டியிருந்தார்கள். ராத்திரி வண்டி நிற்பது கட்டுத்தரையில், மாட்டுக் கோமியத்தின் ஈரம் வேறு. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு போனோம். டர்னர் அண்ணன் போல்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏந்தம்பி, அங்குல மரையில எட்டு எம்எம்ம யாரு ஏத்துனது? மரை மேல ஒண்ணும் தப்பில்ல பாத்துக்குங்க" என்றார். அவர் செய்துகொடுத்த வேலையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

உங்கள் போல்ட்டை அளக்க மரை கேஜ் இல்லாவிட்டாலும் வெர்னியர் போதும். பத்து மரை இடைவெளியை அளங்கள். 12.5 மி.மீ. வந்தால் 8 மி.மீ. மெட்ரிக். 11.5 சுமார் வந்தால் 22 மரை, 9.8 சுமார் வந்தால் 26 மரை.

காதின் பின்பக்கம் கை நுழையும் என்றால் மரையையே மறந்துவிடுங்கள். 8 மி.மீ. போல்ட் நேராகப் போகிற அளவுக்கு மட்டும் துளையைச் சுத்தம் செய்து, நீளமான போல்ட் விட்டு, பின்னால் வாஷரும் நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்டு) போடுங்கள். இதைவிட உறுதியான ரிப்பேர் கிடையாது. பார்க்க எளிமையாக இருப்பதாலேயே பலரும் இதைச் செய்வதில்லை என்பது என் வருத்தம்.

கை நுழையாத இடமென்றால் லேத் வேலை. மைல்ட் ஸ்டீலில் கழுத்து வைத்த சின்ன புஷ் (துளையுள்ள உருளை) ஒன்று கடையச் சொல்லுங்கள். உள்ளே 8 மி.மீ. மரை, வெளிப்பக்கம் காதின் துளையில் இறுக்கமாக உட்காரும் அளவு. மரையின் நீளம் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது, போல்ட்டின் தடிமன் அளவாவது மரை பிடிக்க வேண்டும். 2 மி.மீ. டியூப் சுவரில் நேரடியாக டேப் (மரை வெட்டும் கருவி) போட்டால் ஒன்றரை மரைதான் கிடைக்கும், அது நிற்காது. கெட்டியாக இருக்கட்டும் என்று ஈஎன்8 கம்பியில் கடைந்து தருகிறேன் என்பார்கள். அதில் கார்பன் அதிகம், பற்றவைத்த ஓரத்தில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். மைல்ட் ஸ்டீலே கேளுங்கள்.

புஷ்ஷுக்காகத் துளையைப் பெரிதாக்குகிறோமே, மெக்கானிக் சொன்னதும் அதுதானே என்று தோன்றலாம். புஷ்ஷின் கழுத்து காதோடு சுற்றிலும் பற்றி ஒரே இரும்பாகிறது, இழந்ததைவிட அதிகம் சேர்கிறது. காது நல்ல தடிமனாக இருந்தால் பற்றவைக்காமல் ஹெலிகாயிலும் போடலாம். 8.3 மி.மீ. துளை, அதற்கான தனி டேப், உள்ளே எஃகுச் சுருள், போல்ட் அதே 8 மி.மீ. தான்.

பற்றவைக்கும் நாளில் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றித் தூரமாக வைத்துவிடுங்கள், இதில் சமரசமே கூடாது. பேட்டரி ஒயரையும் கழற்றுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி எடுங்கள். நட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் கிரைண்டரில் எடுத்துவிட வேண்டும், அந்தப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். எர்த் கிளாம்ப்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள், கரன்ட் பேரிங் வழியாகப் போகக் கூடாது. ஆறிய பிறகு ஒரு முறை டேப் விட்டு எடுக்க வேண்டும், சூட்டில் மரை கொஞ்சம் சுருங்கியிருக்கும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் நன்றாக வெட்டும்.

புது போல்ட் தலையில் 8.8 என்ற வலிமைத் தர எண் பொறித்திருக்க வேண்டும். அதை 22 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் போதும். அப்புறம் எஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகளையும் ஒரு முறை பாருங்கள். இந்தப் புல்லட்டில் எஞ்சினும் சேசிஸின் ஒரு பாகம்தான். அது தளர்ந்திருந்தால் அந்த ஆட்டம் முழுவதும் இந்த மாதிரிச் சின்ன காதுகளின் மேல்தான் விழும்.

புஷ் போட்ட இடம் மெட்ரிக் என்று ஆர்சி புத்தக உறையில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, சத்தியமங்கலம் வரை ஒரு தடவை போய் வந்ததும் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் மறுபடி இறுக்கிவிட்டு, பிராக்கெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.