எதிர்க்கட்சி எம்.பி. அமைச்சரைக் கேள்வி கேட்பதால் தொகுதிக்கு உண்மையில் ஏதாவது பயன் உண்டா? அந்தக் கேள்வி எப்படித் தயாராகிறது?

கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். எம்.பி. பேசும் காணொளிகள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கின்றன, ஆனால் மத்திய அரசின் என்.எல்.சி. நிறுவனம் நடத்தும் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் வேலை விவகாரம் அசையவே இல்லை, பிறகு கேள்வி கேட்டு என்ன பயன் என்பது உங்கள் ஆதங்கம். 2024 தேர்தலில் கடலூர், புதுச்சேரி இரண்டு தொகுதிகளிலும் காங்கிரஸ்தான் வென்றது. மத்தியில் எதிர்வரிசை. அதனால் இது இரண்டு ஊர்க்காரர்களுக்கும் பொருந்தும்.

பயன் உண்டு. ஆனால் பேச்சு வேறு, கேள்வி வேறு. உங்கள் கைப்பேசிக்கு வருவது பெரும்பாலும் பூஜ்ய நேரப் பேச்சு (உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம் அது) அல்லது விவாதப் பேச்சு. பூஜ்ய நேரத்தில் எழுப்பியதற்கு அமைச்சர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. கேள்வி நேரத்துக்குக் கொடுத்த கேள்வி அப்படியல்ல. அது ஏற்கப்பட்டுவிட்டால், குறித்த தேதியில் அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தே தீர வேண்டும். அந்தப் பதில் அவைப் பதிவில் நிற்கும், யாரும் பின்னால் எடுத்துக் காட்டலாம். எதிர்க்கட்சி உறுப்பினர் கையில் அதிகாரம் இல்லை, நிதி ஒதுக்கும் இடத்திலும் அவர் இல்லை. அவரிடம் இருக்கும் கூர்மையான கருவி இது ஒன்றுதான்.

முதலில் நடைமுறை. மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 முதல் 12 வரை, மாநிலங்களவையில் 12 முதல் 1 வரை. மக்களவை உறுப்பினர் ஒருவர் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 5 கேள்விகளுக்கு நோட்டீஸ் தரலாம். குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே தர வேண்டும். அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து வாரத்தில் ஆளுக்கொரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். நிலக்கரித் துறைக்கு என்று எந்தக் கிழமையோ, அந்தக் கிழமைக்குத்தான் நெய்வேலிக் கேள்வி போகும். மூன்று வாரக் கூட்டத்தொடர் என்றால் மூன்றே வாய்ப்பு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: கூட்டம் தொடங்கிய செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு எம்.பி. அலுவலகத்துக்கு மனுவோடு ஓடுவார்கள். அதற்குள் முதல் இரண்டு வாரத்துக்கான கடைசித் தேதி போயிருக்கும்.

வந்த நோட்டீஸ்களைக் கணினிக் குலுக்கலில் வரிசைப்படுத்துவார்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு மட்டும் நட்சத்திரக் குறி, அதாவது அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியவை. நட்சத்திரம் இல்லாதவை 230, இவற்றுக்கு எழுத்தில் மட்டும் பதில். மாநிலங்களவையில் இது 15, 160. நட்சத்திரப் பட்டியலில் ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு கேள்விதான் இடம்பெறும். 20 இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் பல நாள் ஐந்தாறைத் தாண்டாது. மீதிக்கு எழுத்துப் பதிலோடு சரி. நட்சத்திரம் விழுவது குலுக்கலைப் பொறுத்தது. கேள்வியை எப்படி எழுதுவது என்பது முழுக்க உறுப்பினர் கையில். ஆகவே உழைப்பைக் கொட்ட வேண்டிய இடம் எழுத்துதான்.

உங்கள் நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். கோபத்தில் எழுதினால் இப்படி வரும்: “நிலம் கொடுத்த ஏழை விவசாயிகளுக்கு வேலை தராமல் என்.எல்.சி. நிறுவனம் ஏமாற்றி வருவதை அரசு அறியுமா? ஆம் எனில், எடுத்த நடவடிக்கை என்ன?” ஆதங்கம் நியாயமானது. ஆனால் “ஏமாற்றி” என்பது பழிச்சொல். வாதம், பழி, அடைமொழி, எள்ளல் எதுவும் கேள்வியில் இருக்கக் கூடாது என்று மக்களவை விதி 41 சொல்கிறது. செயலகம் திருப்பி அனுப்பலாம், அல்லது அந்தச் சொல்லை வெட்டிவிடலாம். அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் “அறியுமா” என்ற சொல்லில் இருக்கிறது. அமைச்சகம் “இல்லை” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, மீதி உட்பிரிவுகளுக்கெல்லாம் “மேற்கண்ட பதிலை நோக்க, கேள்வி எழவில்லை” என்று எழுதிவிடும். பதினைந்து நாள் காத்திருப்பு, ஒரு வாய்ப்பு, இரண்டும் ஒரே வரியில் போயிற்று. ஆம்/இல்லை என்று தொடங்கும் கேள்வியைத் தொகுதிப் பிரச்சினைக்கு வைக்கவே வைக்காதீர்கள் என்று அடித்துச் சொல்வேன்.

அதையே இப்படி எழுதலாம்:

(அ) கடந்த மூன்று ஆண்டுகளிலும் நடப்பாண்டிலும் நெய்வேலி சுரங்க விரிவாக்கத்துக்காகக் கையகப்படுத்திய நிலம் எத்தனை ஹெக்டேர், கிராம வாரியாக, ஆண்டு வாரியாக;
(ஆ) நிலம் அளித்த குடும்பங்கள் எத்தனை; அவற்றில் நிரந்தர வேலை, ஒப்பந்த வேலை, வேலைக்குப் பதில் ஒரு தொகை பெற்றவை தனித்தனியே எத்தனை;
(இ) வேலை கோரி நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் எத்தனை, அவற்றில் மிகப் பழையது எந்தத் தேதியது;
(ஈ) நிலுவைக்கான காரணங்கள் என்ன;
(உ) அவற்றை முடிக்க நிர்ணயித்துள்ள காலக்கெடு என்ன.

எதற்கும் “இல்லை” என்று பதில் சொல்ல முடியாது. எண் சொல்ல வேண்டும், அல்லது எண் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நிரந்தரம், ஒப்பந்தம், தொகை மூன்றையும் பிரித்துக் கேட்டதற்குக் காரணம் உண்டு. “எத்தனை பேருக்கு வேலைவாய்ப்பு” என்று மொத்தமாகக் கேட்டால் மூன்றையும் கூட்டி ஒரு பெரிய எண் வந்து நிற்கும், அதற்குள் ஒப்பந்தக் கூலியும் ஒளிந்துகொள்ளும். கேள்வி 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும். இருபது ஆண்டுக் கணக்கைக் கேட்டால் “தகவல் திரட்டப்பட்டு வருகிறது” என்று தள்ளிப்போடுவார்கள், மூன்றாண்டு போதும். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கின் உள்ளே போகாதீர்கள். வழக்கைத் தொடாமல் எண்ணிக்கையை மட்டும் கேட்கத் தடையில்லை.

அடுத்த சிக்கல், யாரைக் கேட்பது. மத்திய அரசின் பொறுப்பில் இல்லாத எதையும் நாடாளுமன்றத்தில் கேட்க முடியாது. கடலூர் துறைமுகம் நல்ல எடுத்துக்காட்டு. அது சிறு துறைமுகம், நிர்வாகம் மாநில அரசுடையது. “கடலூர் துறைமுகம் ஏன் முடங்கிக் கிடக்கிறது” என்று கேட்டால் “சிறு துறைமுகங்கள் மாநில அரசின் நிர்வாகத்தில் உள்ளன” என்று கையைக் கழுவிவிடுவார்கள். மத்திய அரசின் துறைமுக மேம்பாட்டுத் திட்டமான சாகர்மாலாவை வைத்து, “சாகர்மாலா திட்டத்தில் கடலூர் துறைமுகத்துக்கு அனுமதித்த தொகை, விடுவித்த தொகை, பயன்பாட்டுச் சான்றிதழ் வந்த தேதி” என்று கேளுங்கள். மத்திய அரசின் பணம் என்பதால் பதில் சொல்லியாக வேண்டும்.

ரயில்வேயில் வேறு மாதிரி. “கடலூர் மாவட்டத்துக்கு என்ன திட்டம்” என்று கேட்டால், திட்டங்கள் மண்டல ரயில்வே வாரியாகத்தான் மேற்கொள்ளப்படுகின்றன, மாநில, மாவட்ட வாரியாக அல்ல என்ற பத்தி வந்து விழும். அந்தப் பத்தியை வைத்தே எத்தனையோ கேள்விகளை முடித்திருக்கிறார்கள். பாதையின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: சென்னை–மாமல்லபுரம்–புதுச்சேரி–கடலூர் பாதைக்கு இதுவரை செலவான தொகை, எடுத்த நிலம், மாநில அரசுக்குக் கடைசியாக எழுதிய கடிதத்தின் தேதி. பொறுப்பை யார் யார் மேல் தள்ளுகிறார்கள் என்பது அந்தத் தேதியில் வெளிச்சமாகிவிடும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. யூனியன் பிரதேசம் என்பதால் மாநில அந்தஸ்து, மத்திய நிதியுதவி போன்றவை நேரே உள்துறை அமைச்சகத்தின் மேஜைக்கே போகும். “மாநில அந்தஸ்து தருவீர்களா” என்று கேட்டால் பிடிகொடுக்காத பதில்தான் வரும். சட்டமன்றத் தீர்மானம் அமைச்சகத்துக்கு வந்து சேர்ந்த தேதி எது, அதன் மேல் என்ன முடிவு, அது புதுச்சேரி அரசுக்குத் தெரிவிக்கப்பட்ட தேதி எது என்று கேட்டால் மழுப்ப இடம் குறைவு. ஜிப்மர் மருத்துவமனையும் அப்படித்தான். முழுக்க மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் உள்ள நிறுவனம். கடலூர், விழுப்புரத்திலிருந்து விடியற்காலையில் கோரிமேட்டுக்கு வந்து புறநோயாளி வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்குமான கேள்வியை எம்.பி. நேராகக் கேட்கலாம். ஆனால் ஒரு நோயாளிக்கு ஏன் படுக்கை தரவில்லை, ஓர் ஊழியரை ஏன் மாற்றினார்கள் என்பதெல்லாம் அன்றாட நிர்வாகம், ஏற்க மாட்டார்கள். அனுமதித்த பணியிடம் எத்தனை, காலி எத்தனை, செவிலியர், மருத்துவர், தொழில்நுட்பர் தனித்தனியே எத்தனை என்றால் ஏற்பார்கள்.

நட்சத்திரம் கிடைத்துவிட்டது, உங்கள் எம்.பி. பெயரைச் சபாநாயகர் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மக்களவையில் கேள்வி கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள். அமைச்சர் கையில் ஒரு தடித்த கோப்பு இருக்கும். என்னென்ன துணைக் கேள்வி வரலாம் என்று அதிகாரிகள் ஊகித்து எழுதிய குறிப்புகள் அதில் இருக்கும். பொதுவாகக் கேட்டால் அந்தக் கோப்பிலிருந்து பதில் வாசித்துவிடுவார். எழுத்துப் பதில் அன்று காலைதான் கைக்கு வரும். அதை வரி வரியாகப் படித்து, அதன் உள்ளிருந்தே கேட்க வேண்டும்.

ஜிப்மர் பதிலில் “காலியிடங்களை நிரப்புவது தொடர் நடவடிக்கை” என்று இருக்கும், ஏறக்குறைய எல்லா அமைச்சகமும் எழுதும் வரி இது. முதல் துணைக் கேள்வி: “தொடர் நடவடிக்கை என்கிறீர்கள். கடைசியாக வேலைவாய்ப்பு அறிவிக்கை வெளியிட்ட தேதி என்ன, அதில் எத்தனை பேர் பணியில் சேர்ந்தார்கள்?” இரண்டாவது: “மீதி இடங்களுக்கான அறிவிக்கை எந்த மாதம் வரும்?” அரை நிமிடத்தில் முடிந்துவிடும். முன்னுரையாகத் தலைவரைப் புகழ்ந்து, அரசைத் திட்டி, அப்புறம் கேள்விக்கு வந்தால் சபாநாயகர் குறுக்கிடுவார், அந்தப் பரபரப்பில் கேள்வியே தொலைந்துவிடும். தமிழில் கேட்கலாம், மொழிபெயர்ப்பு உண்டு. எண்களை மட்டும் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

கையில் விவரம் இல்லாத அமைச்சர் “உறுப்பினருக்குத் தெரிவிக்கிறேன்”, “பரிசீலிக்கிறோம்”, “தகவல் திரட்டப்படுகிறது” என்பார். கேட்பவர்களுக்கு இது நழுவலாகத் தெரியும். ஆனால் இவை உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும் சொற்கள். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றாவிட்டால் மக்களவையின் 15 உறுப்பினர் கொண்ட உறுதிமொழிக் குழு அமைச்சகத்தின் செயலாளரையே கூப்பிட்டு விசாரிக்கலாம். இழுத்தடிப்பதும், உறுதிமொழியைக் கைவிட அனுமதி கேட்பதும் நிறைய நடக்கிறது. அதனால்தான் அந்தத் தேதியை யாராவது குறித்துவைத்து நச்சரிக்க வேண்டியிருக்கிறது.

பதிலில் இருக்கும் எண்ணே தவறு என்றால்? சபாநாயகரின் வழிகாட்டுதல் 115-இன் கீழ், ஆதாரத்தோடு எழுதித் தந்து தவறைச் சுட்டலாம். உரிமை மீறல் நோட்டீஸைவிட இது எளிது, ஏனென்றால் அங்கே அமைச்சர் வேண்டுமென்றே திசைதிருப்பினார் என்று நிரூபிக்க வேண்டும். பதில் போதவில்லை என்றால் விதி 55-இன் கீழ் அரை மணி நேர விவாதம் கேட்கலாம், மூன்று நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

எதிர்க்கட்சிகளிடம் ஒரு குறை சொல்லியாக வேண்டும். 11 மணிக்கே பதாகையோடு அவையின் மையத்துக்குப் போய் அவை ஒத்திவைக்கப்பட்டால், அன்றைய நட்சத்திரக் கேள்விகளுக்கான எழுத்துப் பதில்கள் தாக்கல் ஆகிவிடும், துணைக் கேள்விகள் மட்டும் போய்விடும். அமைச்சருக்கு இதைவிட நிம்மதி இல்லை. போராட வேண்டிய காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், குறுக்குக் கேள்வி கேட்கும் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுப்பது எதிர்க்கட்சிக்கே இழப்பு.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. எல்.ஐ.சி. ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்கு தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களின் பங்குகளை வாங்கிய விவகாரம் 1957-இல் மக்களவையில் எழுந்தது. விடாமல் துருவியவர் ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி. சாக்ளா விசாரணை ஆணையம் வந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த வாரமே எம்.பி. அலுவலகத்துக்கு ஒரே ஒரு பக்கம் கொடுங்கள்: எந்த அமைச்சகம், மேலே காட்டியது போல் ஐந்து உட்பிரிவு, பின்னால் ஆதாரமாக அரசாணை எண்ணோ, தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த பதிலோ. பத்துப் பக்க மனுவை உதவியாளர் படிக்க மாட்டார், எழுதித் தந்த கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்வார். கைம்மாறு எதையும் பேச்சுக்குக்கூட எடுக்கக் கூடாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 11 பேரின் பதவி பறிபோனது. உறுப்பினரின் இணையக் கணக்கிலிருந்து நீங்களே ஏற்றித் தருகிறேன் என்றும் சொல்லாதீர்கள், அந்தக் கடவுச்சொல் வெளியே போகக் கூடாது. பதில் வந்த அன்றே நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் எம்.பி. பெயரைப் போட்டுத் தேடினால் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைக்கும். இறக்கி, கேள்வி எண்ணையும் தேதியையும் தலைப்பில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் “இந்தத் தேதியில் இந்த எண் கேள்விக்கு அளித்த பதிலில் நிலுவை இத்தனை என்றீர்கள், இன்று எத்தனை” என்று தொடங்க அந்த இரண்டும்தான் வேண்டும்.