மெரூன் தொப்பியும் குத்துவாள் பேட்ஜும்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டு முகப்பில், ராணுவத்தில் இருந்த சித்தப்பா தம் நண்பருடன் நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. இருவரும் மெரூன் நிறத் தொப்பி அணிந்திருக்க, நண்பரின் சட்டைப்பையில் மட்டும் குத்துவாள் பேட்ஜ் இருக்கிறது. அவர் பதவியில் மூத்தவரா?
- வாசகி, காரைக்குடி

பதில்: அது பதவியைக் காட்டும் சின்னம் அன்று. பாராசூட்டில் குதித்துக் களமிறங்கும் படையினருக்கு மெரூன் நிற பெரே தொப்பி என்னும் வழக்கம் 1942-இல் பிரிட்டனில் தொடங்கியது. நம் பாராசூட் ரெஜிமெண்டும் அதையே அணிகிறது. சீக்கிய வீரர்கள் அதே நிறத்தில் தலைப்பாகை கட்டுகிறார்கள். தொப்பியின் வெள்ளிநிறச் சின்னத்தில் விரிந்த பாராசூட்டும் சிறகுகளும் குத்துவாளும் இருக்கும்.

நண்பர் அணிந்திருப்பது ‘பலிதான்’ (உயிர்த்தியாகம்) பேட்ஜ். கீழ்நோக்கிய குத்துவாள், அதன் அலகிலிருந்து மேலெழும் சிறகுகள், குறுக்கே தேவநாகரி எழுத்தில் ‘பலிதான்’ என்ற பட்டை ஆகியவை கொண்ட இதனைப் பாராசூட் ரெஜிமெண்டின் சிறப்புப் படைப் பிரிவினர் மட்டுமே வலது சட்டைப்பையில், பெயர்ப்பட்டைக்குக் கீழே அணிவார்கள். 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் இருந்ததும், நீக்கும்படி ஐசிசி கேட்டுக்கொண்டதும் இந்தச் சின்னத்தைத்தான்.

ஆகவே, நண்பர் சிறப்புப் படையிலும், தங்கள் சித்தப்பா மற்றப் பாராசூட் பட்டாலியன் ஒன்றிலோ உடன் குதிக்கும் மருத்துவப் பிரிவு போன்ற ஒன்றிலோ பணியாற்றியிருக்கலாம். அதைக் குறைவாக எண்ண வேண்டாம். ஆக்ரா பயிற்சிப் பள்ளியில், ஓர் இரவுக் குதிப்பு உட்பட ஐந்து முறை குதித்தால்தான் சட்டைக்கையில் சிறகுச் சின்னம் தைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் கிடைக்கும். முதன்முதலில் பாராசூட்டில் குதித்த இந்தியப் படையினரில் ஒருவரான ஏ. ஜி. ரங்கராஜ் ஒரு மருத்துவரே. 1951 மார்ச்சில் கொரியாவின் முன்சானில் அமெரிக்க வீரர்களோடு இந்திய மருத்துவக் குழுவினர் குதித்துக் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தாம். மகாவீர் சக்கர விருது அவரை அடைந்ததை நாம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: தம்பி மகன் ‘பலிதான்’ பேட்ஜைக் கடையில் வாங்கி, சட்டையில் குத்திக்கொண்டு திருவிழாவுக்கு வருகிறான். தவறில்லையா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: தவறுதான், தயவுசெய்து கழற்றச் சொல்லுங்கள். படைவீரர் என்று பிறரை நம்பவைக்கும் எண்ணத்தோடு அணிந்தால் அது சட்டப்படியும் குற்றம். அவனுக்கு உண்மையான ஆர்வம் இருந்தால் முதலில் ராணுவத்தில் சேரட்டும். பாராசூட் ரெஜிமெண்டில் விரும்பி முன்வருபவர்களை மட்டுமே எடுக்கிறார்கள்; தகுதிகாண் பயிற்சியில் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள்.