ஒளிப்படக் கேள்வி பதில்: ‘சூப்பர்’ என்பது கருத்தா?

கேள்வி: என் மச்சாளின் திருமணத்துக்கு முன்பு, காலை ஆறரை மணிக்கு அவளைக் கடலுக்கு முதுகுகாட்டி நிறுத்தி எடுத்த படங்களை, உறவினரும் ஒளிப்பட ஆர்வலரும் உள்ள ஒரு வட்ஸ்அப் குழுவில் இட்டேன். முப்பது பேர் ‘சூப்பர்’ என்றார்கள். மூத்த படப்பிடிப்பாளர் ஒருவர் ‘இதெல்லாம் ஒரு படமா?’ என்று மட்டும் எழுதினார். பயனுள்ள கருத்தை எப்படிக் கேட்டு வாங்குவது?
– வாசகி, உப்புவெளி

பதில்: முப்பது பேரும் மணப்பெண்ணை வாழ்த்தினார்கள், மூத்தவர் தம் மூப்பைக் காட்டினார், படத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இதில் பாதிப் பொறுப்பு உங்களுடையது. ‘படம் எப்படி?’ என்று கேட்பவரிடம், அதுவும் கல்யாண வீட்டுக்காரரிடம், குறை சொல்ல நம்மவருக்கு வாய் வராது. இருபது படங்களை ஒன்றாகக் கொட்டாமல் ஒன்றை மட்டும் அனுப்பி, எந்த நேரத்தில், எந்த லென்ஸில், என்ன நினைத்து எடுத்தீர்கள் என்பதைச் சொல்லி, ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘கடலின் மினுக்கமும் வேண்டும், முகமும் தெளிவாக வேண்டும் என்று நினைத்தேன், முகம் இருண்டுவிட்டது, எங்கே பிசகினேன்?’

இப்படிக் கேட்டிருந்தால் நானே விடை சொல்லியிருப்பேன். நம் திருகோணமலை இருப்பது இலங்கையின் கிழக்குக் கரையில். காலையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், கடலைப் பின்னணியாக்கினால் ஒளி முழுவதும் முதுகில் விழும்; கமராவின் ஒளிமானியோ பின்னால் பளபளக்கும் நீரையும் வானத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். கமரா வாங்கும் ஒளியை ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) கூட்டியோ, வெள்ளைத் தெர்மோகோல் பலகையொன்றால் ஒளியைத் திருப்பியோ முகத்தை மீட்கலாம். அல்லது மச்சாளைக் கடலைப் பார்க்கத் திருப்பி, நீங்கள் அலையில் கால் நனைய நின்று, பின்னால் தென்னைகள் வர எடுத்திருக்கலாம். கடல்தான் பின்னணியாக வேண்டுமென்றால் மாலையில் போங்கள். தரைப்பக்கம் சாயும் சூரியன் முகத்துக்கு நேரே வரும். கடலில் சூரியன் மறையும் மேற்குக் கரைக்காரர் சொல்லும் நேரக் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஏறத்தாழ 8.5 பாகை வடக்கில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக ஏறிவிடும். ஆறு மணிக்கு உதித்த வெயிலின் மென்மை ஏழு மணிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகலில் அது உச்சிக்கு நேர் மேலேயே நிற்பதால், கண்குழிகள் இரண்டும் கறுத்துப் போகும்.

கருத்து வந்த பிறகு செய்ய வேண்டியது வாயை மூடிக்கொள்வது. பிலிம் சுருள் காலத்தில் நான் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்தேன். டச்சுக் குடாவில் எடுத்த ஒரு படத்தை முதலாளியிடம் காட்டி, அன்று கச்சான் காற்று எப்படிச் சுழற்றியடித்தது, பெண்ணின் தலைமுடி எப்படிக் கலைந்தது என்று நியாயம் சொல்லத் தொடங்கினேன். அவர் எதுவும் பேசாமல் தம் பெருவிரலால் படத்தின் இடது மூலையை மறைத்து, “இப்பப் பார்” என்றார். அந்த மூலையில் வெள்ளை வெளேரென்று ஒரு படகின் முனை இருந்தது. அது மறைந்ததும் பார்வை நேரே பெண்ணின் கண்ணுக்குப் போனது. கலைந்த முடி அழகாகவே இருந்தது. நான் காற்றோடு வழக்காடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் குற்றவாளி மூலையில் உட்கார்ந்திருந்தான். உங்களிடம் ஒருவர் சொல்வது பிழையாகவும் இருக்கலாம். ஆனால் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால், அங்கே ஒரு கல் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

கேள்வி: அக்காவின் மகன் கோட்டைக்குள் தன் நண்பர்களை வைத்துப் படமெடுத்து என்னிடம் கொண்டுவருகிறான். மனம் நோகாமல் குறைகளைச் சொல்வது எப்படி?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: மலையையோ மரத்தையோ எடுத்த படமென்றால் எடுத்தவரின் மனம் ஒன்றே கவலை. ஆள் படத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், பல வேளைகளில் பக்கத்திலேயே நிற்கிறார். ‘மூக்குப் பெரிதாகத் தெரிகிறது’ என்று மருமகனிடம் நீங்கள் சொல்வது அந்த நண்பனின் மூக்கைப் பற்றிய தீர்ப்பாகவே அவன் காதில் விழும். உண்மையில் கைபேசியின் அகல லென்ஸை முகத்துக்கு அரை மீற்றரில் நீட்டினால் எவர் மூக்கும் பெருக்கும். இரண்டு மீற்றர் விலகி நின்று, 85 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள லென்ஸால் எடுத்தால் அதே முகம் சீராக வரும். ஆகவே, ‘இன்னும் இரண்டடி பின்னால் போயிருக்கலாம்’ என்று சொல்லுங்கள். அதே செய்திதான், எடுத்தவனின் காலுக்குப் போகிறது, எடுக்கப்பட்டவனின் முகத்துக்குப் போவதில்லை.

முதலில் உங்கள் கண் எங்கே போனது என்பதைச் சொல்லுங்கள். அது தீர்ப்பன்று, சாட்சியம், அதை யாரும் மறுக்க மாட்டார். மான்கள் உலவும் நம் கோட்டைக்குள் எடுத்த படமென்றால் கண் பெரும்பாலும் புள்ளிமானுக்குப் போகும். பின்னால் நிற்கும் கலைமானின் கொம்பு நண்பனின் தலையில் முளைத்தது போல விழுந்த படங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன் (மாப்பிள்ளைமார் படங்களில் இது கூடுதல் சங்கடம்). கடலின் விளிம்புக்கோடு கழுத்தை அறுப்பதும் இந்த வகையே. ஒரு முழம் குனிந்தாலோ நிமிர்ந்தாலோ தீரும். பாராட்டும்போதும் இந்த நுணுக்கம் வேண்டும்: ‘நல்லாயிருக்கு’ என்பதைவிட, ‘மரநிழலில் நிறுத்தியதால் கண்ணில் வானத்தின் வெளிச்சப்புள்ளி விழுந்திருக்கிறது’ என்றால், அவன் அடுத்த முறையும் அந்த நிழலைத் தேடுவான். ஒரு படத்துக்கு ஒரு குறை போதும்.

கேள்வி: மகளின் படத்தைப் பார்த்த உறவினர்கள் ‘நிறம் குறைந்துவிட்டது’ என்கிறார்கள். படப்பிடிப்பாளரிடம் வெளுப்பாக்கித் தரச் சொல்லலாமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: வெண்மணலும் வானமும் சேர்ந்து முகத்தை உள்ளதைவிட இருட்டாக்கியிருந்தால் அந்த முறைப்பாடு நியாயமானது, முகத்தை மட்டும் சற்று ஏற்றித் தருமாறு கேளுங்கள். மகளின் நிறமே குறையென்றால், அந்தக் கருத்து படத்தைப் பற்றியதன்று, அதைப் படப்பிடிப்பாளரிடம் கொண்டுபோகவும் வேண்டாம். வெளுப்பாக்கினால் கூறைச் சேலையின் சிவப்பும் நகையின் மஞ்சளும் சேர்ந்தே சோகை பிடிக்கும். வெள்ளை நிறத்தை அளவுகோலாக்கும் இந்த நோய் நம்மூரில் மட்டும் பிறந்ததுமில்லை. வர்ண அச்சைச் சரிபார்க்கக் கொடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷேர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து நின்ற அட்டை 1990களில்தான் வந்தது.

கேள்வி: கைபேசியில் பார்த்துக் கருத்துச் சொல்லலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: அமைப்பைப் பற்றிச் சொல்லலாம், கூர்மையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லி, வெயிலில் நின்று பார்க்காமல் வீட்டுக்குள் வந்து பாருங்கள்.