வாழைத்தோல், தென்னை நார்க்கழிவு போட்டால் கழிவுநீரில் உள்ள குரோமியம் உண்மையிலேயே போய்விடுமா?

போகும், ஆனால் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீரோடு நிறையப் பழக்கம்.

குரோமிய முலாம் பட்டறைத் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் வகை. அமிலம் விட்டு பிஎச்சை 2 அளவுக்கு இறக்கி, நார்க்கழிவைப் போட்டுக் கலக்கினால் போகப்போக மஞ்சள் வெளிறும். ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் ஊதாவாக மாறும் டைஃபீனைல் கார்பசைடு என்ற சோதனைப் பொருளை விட்டுப் பார்த்தால் அந்த நிறமும் வராது. இதை வைத்தே 'முழுவதும் நீங்கியது' என்று முடித்துவிடுகிறார்கள். அதே தண்ணீரில் மொத்தக் குரோமியத்தை அளந்து பாருங்கள், கணிசமாக மிச்சம் இருக்கும்! நாரிலுள்ள லிக்னினும் டானினும் எலக்ட்ரான் கொடுத்து ஆறு இணைதிறனை மூன்றாக இறக்கிவிடுகின்றன. அவ்வளவு அமிலத்தில் மூன்று இணைதிறன் குரோமியம் நாரில் சரியாக ஒட்டாது. பிஎச்சை 8 பக்கம் ஏற்றினால்தான் பச்சை வண்டலாகப் படியும். நச்சு வெகுவாகக் குறைகிறது, அதுவே பெரிய விஷயம். ஆனால் நீர்நிலையில் விடுவதற்கு ஆறு இணைதிறன் லிட்டருக்கு 0.1 மி.கி., மொத்தக் குரோமியம் 2 மி.கி. என்று இரண்டுக்குமே வரம்பு உண்டு.

ஈயம், காட்மியம், செம்பு எல்லாம் வேறு மாதிரி. வாழைத்தோலின் பெக்டின், சர்காசம் கடற்பாசியின் ஆல்ஜினேட் இரண்டிலும் உள்ள கார்பாக்சில் தொகுதிகள் பிஎச் 5 வாக்கில் கால்சியத்தை விட்டுவிட்டு இந்த உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும். அதனாலேயே வாலைவடிநீரில் பிடித்த அளவு உலோகத்தை, கால்சியம் மிகுந்து கடினத்தன்மை கூடிய நிஜக் கழிவுநீரில் பிடிக்காது. தோலைப் பச்சையாக அரைத்துப் போட்டால் தண்ணீர் டிகாக்ஷன் மாதிரி ஆகி சிஓடி (கரிமக் கழிவின் அளவைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவை) எகிறும். வெந்நீரில் சாயம் போகும்வரை கழுவிக் காயவைத்த பிறகே போட வேண்டும்.

ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் பதனிடும் தொட்டிகளில் குரோமியம் லிட்டருக்குக் கிராம் கணக்கில் வரும். அங்கே மெக்னீசியம் ஆக்சைடால் படியவைத்து, மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவதே சரி. நாரும் வாழைத்தோலும் கடைசியில் மிஞ்சும் சில மில்லிகிராமுக்குத்தான்.

உலோகம் ஏறிய நாரைத் தயவுசெய்து தோட்டத்தில் உரமாகக் கொட்டாதீர்கள். திறந்தவெளியில் கொளுத்தினால் மூன்றாக இறங்கிய குரோமியம் சாம்பலில் மறுபடி ஆறாக ஏறக்கூடும். செம்பு, காட்மியம் என்றால் நீர்த்த அமிலத்தில் கழுவி மீட்கலாம். முடியாததைக் கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவு மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். செலவுக் கணக்குப் போடும்போது அந்த லாரி வாடகையையும் சேர்த்துப் போடுங்கள்.