பாய்லர் பக்கம் போகிற பையனைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுக்காதீர்கள்

ஆச்சி, நீங்கள் அனுப்பிய குரல் பதிவை முழுசாகக் கேட்டேன். பையன் மெக்கானிக்கல் என்கிறான், சென்னையில் இருக்கும் உங்கள் தம்பி மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு பேசிவிட்டார், இந்த வாரம் முன்பணம் கட்ட வேண்டும், உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு: அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள்.

சீட்டுக்காக, நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்த விஷயம். அதற்காக நகையை அடகு வைக்கிறேன் என்கிறீர்கள். வட்டிக் கணக்கை நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, பையனுக்கு வருவோம். புதுவயலில் அவன் அப்பச்சி கணக்கு எழுதுகிற அரிசி ஆலைக்குப் போனால் பாய்லர் பக்கமே நிற்கிறான், நெல் உலர்த்தியிலிருந்து வரும் சுடுதண்ணியை ஏன் வாய்க்காலில் விடுகிறீர்கள் என்று ஆபரேட்டரைக் குடைகிறான் என்று அலுத்துக்கொண்டீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வெப்பமும் ஆற்றலும் எப்படி மாறுகின்றன என்று படிக்கிற தெர்மோடைனமிக்ஸில் ஸ்டெடி ஃப்ளோ, அதாவது சீரான ஓட்டம், என்று ஒரு பாடம் உண்டு. பாய்லரைச் சுற்றி மனசில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன என்று பார்க்க வேண்டும். ஓட்டம் சீராக இருந்தால் உள்ளே இருப்பு மாறாது, அதனால் வரவும் செலவும் ஒத்துப்போயே ஆக வேண்டும். பேரேடு எழுதுகிற அப்பச்சிக்கு இது உடனே பிடிபடும். 30 டிகிரி தண்ணீரில் கிலோவுக்குச் சுமார் 126 கிலோஜூல் எந்தால்பி, அதாவது ஓடுகிற தண்ணீரோ நீராவியோ தன்னோடு சுமந்து வரும் ஆற்றல். அது 10 பார் அழுத்தத்தில் ஈரமில்லாத நிறைநீராவியாக வெளியே வரும்போது 2778. நடுவில் உள்ள 2652-ஐ உமி எரிந்துதான் கொடுக்க வேண்டும். வாய்க்காலுக்குப் போகும் தண்ணியைத் திருப்பி, உள்ளே போவதை 80 டிகிரி ஆக்கிவிட்டால் ஆரம்பமே 335. கிலோவுக்கு 209 மிச்சம், அதாவது கிட்டத்தட்ட 8 சதவீதம் உமி! நீராவி வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் அந்த வேகத்துக்கு உண்டான ஆற்றல் கிலோவுக்கு 1 கிலோஜூல்தான், பாய்லர் கணக்கில் அதை விட்டுவிடலாம். பதினேழு வயசில் தானாகவே இந்தக் கேள்வியில் வந்து நிற்கிற பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆலையில் எரிசக்தி எங்கே வீணாகிறது என்கிற இந்தக் கணக்கைத் தொழிலாகப் பார்க்கிறவர் எனர்ஜி ஆடிட்டர். 2001-ல் வந்த எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி, அரசு பட்டியலிட்ட பெரிய ஆலைகள் எனர்ஜி மேனேஜர் வைத்தாக வேண்டும், அங்கீகாரம் பெற்ற ஆடிட்டரைக் கொண்டு தணிக்கையும் செய்ய வேண்டும். சிமென்ட், காகிதம், துணி ஆலை எல்லாம் அதில் வரும். பி.இ. முடித்து மூன்று வருஷம் இந்த வேலையில் இருந்தவர் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பீ.இ.இ. நடத்தும் தேர்வை எழுதலாம். ஆடிட்டருக்கு நாலு தாள். இரண்டாவது தாள் முழுக்க பாய்லர், நீராவி, உலை, வெப்பக் காப்பு. சொந்தக்காரர்கள் யாரும் இந்தப் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார்கள், கல்யாணப் பத்திரிகையில் போட்டால் எடுபடாது.

முதல் சில வருஷம் சம்பளம் கம்ப்யூட்டர் படித்த அம்மான் மகனைவிடக் குறைவாகவே இருக்கலாம், தீபாவளிக்குக் கூடுகிற வீட்டில் அதைச் சொல்லிக் காட்டவும் செய்வார்கள். அதைத் தாங்க வேண்டியது நீங்கள்தான், பையன் இல்லை.

1952-ல் தொடங்கிய அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி காரைக்குடியிலேயே இருக்கிறது. கலந்தாய்வில் அதன் மெக்கானிக்கலை முதல் விருப்பமாகப் போடுங்கள். பையன் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் விடாதீர்கள், அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். கட்-ஆஃப் இடித்தால் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, அப்புறம் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. உங்கள் தம்பி கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.