துணிச்சலைவிட நஷ்டம்தான் அதிகம் ரிஸ்க் எடுக்க வைக்கிறது

கேள்வி: மனிதர்கள் ஏன் ரிஸ்க் எடுக்கிறார்கள்? அது கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும்?

தைரியசாலிகள் ரிஸ்க் எடுப்பார்கள், பயந்தவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பங்குத் தரகு அலுவலகம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்த எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. லாபத்தில் இருக்கும்போது மிகவும் ஜாக்கிரதையாக இருந்த மனிதர்கள்தான், நஷ்டம் வந்த பிறகு நம்பவே முடியாத ரிஸ்க் எடுத்தார்கள். ஐந்நூறு ரூபாய் லாபம் தெரிந்தாலே விற்றுவிட்டு வீட்டுக்குப் போகிறவர், ஐம்பதாயிரம் இறங்கியதும் நகையை வைத்துப் பணம் கொண்டு வருவார். கேட்டால் "விட்ட இடத்திலதான் பிடிக்கணும்" என்பார்.

இதை 1979-இலேயே டேனியல் கானமன், ஏமோஸ் ட்வர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் காட்டிவிட்டார்கள். உறுதியாக 3,000 கிடைக்கும், அல்லது 4,000 கிடைக்க 80 சதவீத வாய்ப்பு. எது வேண்டும் என்று கேட்டபோது, 80 சதவீதம் பேர் கைக்கு உறுதியாக வரும் 3,000 போதும் என்றார்கள். அடுத்து அதே கேள்வியை நஷ்டமாக மாற்றினார்கள். உறுதியாக 3,000 போகும், அல்லது 4,000 போக 80 சதவீத வாய்ப்பு. இப்போது 92 சதவீதம் பேர் சூதாட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்கள் அதே மாதிரி ஆட்கள்தான், கணக்கும் அதே கணக்குதான். வரவு செலவாக மாறியதும் மனது தலைகீழாகிவிட்டது. நஷ்டத்தை 'நஷ்டம்' என்று எழுதி மூடுவதைப் போல மனிதனுக்குக் கஷ்டமானது எதுவுமில்லை என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கஷ்டம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு எனக்கு உடனே நினைவுக்கு வருவது பேரிங்ஸ் வங்கி. 1762-இல் தொடங்கிய பிரிட்டிஷ் வங்கி அது. சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் என்ற இளைஞர் வர்த்தகம் செய்தார். வர்த்தகம் செய்பவரும் அதன் கணக்கைச் சரிபார்ப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். அங்கே இரண்டும் அவர் கையில் இருந்தது. 1992-இல் தொடங்கிய 88888 என்ற பிழைக் கணக்குக்குள் (வர்த்தகத்தில் நேரும் சின்னத் தவறுகளை எழுதி வைக்கும் கணக்கு அது) நஷ்டங்களைத் தள்ளி மறைக்க ஆரம்பித்தார். மறைத்ததை ஈடுகட்ட இன்னும் பெரிய பந்தயம், அதிலும் நஷ்டம், மறுபடி மறைப்பு. 1994 முடிவில் அந்தக் கணக்கில் 20 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் இருந்தது. பந்தயத்துக்கு ஈடாகச் சந்தையில் கட்டவேண்டிய மார்ஜின் பணத்தை லண்டன் தலைமையகம் கேட்க கேட்க அனுப்பிக்கொண்டிருந்தது.

ஜப்பானின் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் பெரிதாக ஏறாது, இறங்காது என்று எதிர்பார்த்து லீசன் ஆப்ஷன்களை, அதாவது குறித்த விலையில் பின்னாளில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களை, விற்று வைத்திருந்தார். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரில் நிலநடுக்கம் வந்தது, சந்தை சரிந்தது. அன்றைக்காவது நிறுத்தியிருக்கலாம். அவரோ சந்தை திரும்ப ஏறிவிடும் என்று எதிர்பார்த்து நிக்கேய் ஒப்பந்தங்களை இன்னும் இன்னும் வாங்கிக் குவித்தார். பிப்ரவரி கடைசியில் மொத்த நஷ்டம் 82.7 கோடி பவுண்டு. இருநூறு வருடத்துக்கு மேல் நின்ற வங்கி திவாலாகி, ஐஎன்ஜி என்ற டச்சு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பவுண்டுக்குப் போனது. லீசனுக்கு ஆறரை வருடச் சிறைத் தண்டனை.

பேராசை என்று இதை ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் உண்டு. ஆசையும் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கணக்கை வளர்த்தது பயம் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, நஷ்டமே இல்லாதவர்கள் ஏன் இறங்குகிறார்கள்? இதற்குப் பதில் ஒரு பறவையிடம் இருக்கிறது. ஜங்கோ என்ற வட அமெரிக்கச் சிறு பறவையை வைத்து 1980 வாக்கில் தாமஸ் கராக்கோ என்பவரும் கூட்டாளிகளும் சோதனை செய்தார்கள். ஒரு பக்கம் எப்போதும் ஒரே அளவு தானியம். இன்னொரு பக்கம் சில சமயம் நிறைய, சில சமயம் ஒன்றுமே இல்லை. அன்றைய தேவைக்குப் போதுமான இரை கிடைத்துக்கொண்டிருந்தபோது பறவைகள் உறுதியான பக்கமே போயின. பற்றாக்குறை வந்தபோது மறுபக்கம் தாவின. உறுதியாகக் கிடைப்பதை மட்டும் தின்றால் இரவுக் குளிரைத் தாண்ட முடியாது என்றால், சூதாட்டம்தான் புத்திசாலித்தனமான வழி.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்தப் பறவைதான் நினைவுக்கு வந்தது. மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற ஒப்பந்தங்கள்) வர்த்தகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்குச் சுமார் இரண்டு லட்சம் ரூபாய். அவர்களில் முக்கால்வாசிப் பேருடைய ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் கீழே. இருபதாயிரம் சம்பளத்தில் வீட்டு வாடகை, தங்கை கல்யாணம், அப்பாவின் மருந்துச் செலவு எல்லாம் பார்க்க வேண்டிய பையனுக்கு, சேமித்துச் சேமித்து எப்போது கரையேறுவது என்று இருக்கிறது. அவனைப் பேராசைக்காரன் என்று திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் பறவைக்கு அந்தப் பக்கம் சில சமயமாவது நிறையத் தானியம் இருந்தது. வாரத்துக்கு வாரம் முடிகிற ஆப்ஷனில் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது பெரிய நிறுவனங்களின் கணினிகள்.

ரிஸ்க்கே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன் நான். மானாவாரியில் மழைக்கு முன்னாடியே புரட்டாசியில் புழுதி விதைப்பு நடக்கும். மழை பெய்த பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால் கரிசல் மண் சகதியாக ஒட்டிக்கொள்ளும், ஏர் இறங்காது, ஈரம் வீணாகும். முன்னாடியே விதைத்து, ஒரு தூறலில் முளைத்து, பின்னாடி வெயில் அடித்தாலும் விதை போச்சு. இரண்டும் ஆபத்துதான். அதனால் விதைப்பார்கள். ஆனால் மறுவிதைப்புக்கு விதை தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் விதைப்பார்கள். ஒரே பயிரை நம்பாமல் கம்பு, பாசி, உளுந்து, பருத்தி என்று பிரித்துப் போடுவார்கள். பொய்த்தால் விதையும் உழவுக் கூலியும் போகும். நிலம் போகாது. மொத்தமாகத் தோற்றால் என்ன மிஞ்சும் என்பது விதைக்கும் முன்பே தெரிந்திருக்கும். இந்த மாதிரி ரிஸ்க் எடுத்துத்தான் எங்கள் பக்கம் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

கேட்டவர் சொந்த வீட்டில் யாரையாவது நினைத்துக் கேட்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். எவ்வளவு போச்சு என்று கத்தாதீர்கள். கத்தினால் அடுத்த கணக்கு மறைவாகத்தான் ஓடும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், சிறிய கடை வைத்திருப்பவர், ஒரு நாள் மனைவியையே அலுவலகத்துக்குக் கூட்டி வந்தார். அந்த அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. "இன்னைக்கு எல்லாத்தையும் வித்தா எவ்வளவு கையில வரும்?" என்று மட்டும் கேட்டார். போட்டதில் பாதிகூட வரவில்லை. அன்றைக்கே வர்த்தகக் கணக்கை மூடிவிட்டார்கள். நகைக் கடன் முழுதாக அடைய இரண்டு வருடம் ஆனது, கடை இன்றும் நடக்கிறது.