ராத்திரி ஆனா நெட்ஃபிளிக்ஸ் மட்டும் இழுக்குதா?

நண்பா, ஸ்பீட் டெஸ்ட்ல 95 எம்பிபிஎஸ் காட்டுது, ஆனா எட்டு மணிக்கு மேல நெட்ஃபிளிக்ஸ் மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது, நெட்காரன் பேக்கோட குடுத்த அவனோட சொந்த ஆப் மட்டும் சும்மா பறக்குதுன்னு போட்டிருந்தீங்க. ரவுட்டர மாத்த சொன்னாங்களா, காச வீணாக்காதீங்க. ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்துல இருக்குற சர்வரத்தான் பிடிக்கும், சில சமயம் அது அவங்களோடதாவே இருக்கும், அதனால அந்த 95அ நம்பாதீங்க. ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸ் சர்வர்லயே அளக்கும், ஒன்பது மணிக்கு அதுல போட்டு பாருங்க, அப்புறம் விபிஎன் (எந்த சைட்டுக்கு போறீங்கன்னு நெட்காரனுக்கு தெரியாம வேற வழியா அனுப்புற ஆப்) போட்டு இன்னொரு தடவ. விபிஎன்ல 4 லேர்ந்து 60க்கு ஏறுச்சுன்னா ஒண்ணு நெட்காரன் வேணும்னே வேகத்த அமுக்குறான், இல்ல நெட்ஃபிளிக்ஸ் பக்கம் போற லிங்க் நெரிசல், ரெண்டுமே அவன் தலவலிதான். நெரிசல் இல்லாத காலைலயும் அதே மாதிரி இழுத்தா, அமுக்குறான்ங்குற சந்தேகம் இன்னும் ஜாஸ்தி.

எஃப்யூபி (அதுக்கு மேல போனா வேகத்த குறைக்கிற டேட்டா அளவு) தாண்டுனீங்களான்னும் பாத்துக்கோங்க, ஆனா அது எல்லாத்தையும்தான் இழுக்கும், ஒரு ஆப்ப மட்டும் இல்ல. சொந்த ஆப் வேகமா ஓடுறதுக்கு சிடிஎன்ன (வீடியோவ பக்கத்துலேர்ந்தே குடுக்குற சர்வர்) அவங்க நெட்வொர்க் உள்ளயே வச்சிருக்கலாம், அது தப்பில்ல. ஆனா அடுத்தவன் ஆப்ப வேணும்னே அமுக்குறது இந்தியால 2018லயே நெட் கம்பெனிகளோட லைசென்ஸ் விதில தடை பண்ணியாச்சு. மூணு நாள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சு, நெட்காரன்கிட்ட கம்ப்ளைண்ட் போட்டு டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்கிக்கோங்க, சரி பண்ணாமலே மூடிட்டாங்கன்னா அவங்களோட அப்பல்லேட் அதாரிட்டிக்கு (மேல்முறையீட்ட பாக்குறவங்க) போங்க. எனக்கு அப்பீல்னு மெயில் போனதுமே தானா சரியாச்சு, காரணம் மட்டும் இன்னைக்கு வரைக்கும் சொல்லல.